டயட் முடிந்த பிறகு எடையைத் தக்கவைப்பது: முழுமையான வழிகாட்டி

கலோரிக் கணக்கு வைத்து உணவைக் கட்டுப்படுத்தி, நினைத்த எடைக்கு வந்து சேர்ந்த பலர் அந்த வாரமே கணக்கை மூடி வைத்துவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புகிறார்கள். வேறு சிலர், எடை மீண்டும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் டயட் சாப்பாட்டையே மாதக்கணக்கில் நீட்டித்து, ஒரு கட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் மொத்தமாகக் கைவிடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்க உங்கள் உடலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்பதை எந்த இணையக் கால்குலேட்டரும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. அந்த எண்ணை உங்கள் குறிப்பேட்டையும் எடை மெஷினையும் வைத்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 158 செ.மீ. உள்ள ஒரு பெண் 70 கிலோவிலிருந்து 60 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். டயட்டின் கடைசி மாதத்தில் அவர் ஒரு நாளைக்கு 1,250 கலோரி சாப்பிட்டார். உட்கார்ந்து பார்க்கும் வேலை, கொஞ்சம் வீட்டு வேலை, வாரத்தில் சில நாள் நடை. இவருடைய எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

எடை குறைந்த உடலின் நிலைமை

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு வரும் ஏமாற்றங்கள் பாதியாகக் குறையும்: பழைய அளவுக்குத் திரும்பிப் போக முடியாது. 10 கிலோ குறைந்த உடலுக்கு ஓய்வில் இருக்கும்போதும் குறைவான கலோரி போதும். நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் தூக்கிச் செல்ல வேண்டிய பாரமும் குறைவு. இதற்கு மேல், உடல் தானாகவே செலவைச் சற்று இறுக்கிப் பிடிக்கிறது. ரூடால்ஃப் லீபெலும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 10 விழுக்காட்டை இழந்தவர்களின் சக்திச் செலவு, உடலமைப்பின் மாற்றத்தை மட்டும் வைத்து எதிர்பார்க்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆகவே, எப்போதும் 60 கிலோவாகவே இருந்துவரும் பக்கத்து வீட்டுக்காரரும் 70-இலிருந்து 60-க்கு வந்த நீங்களும் ஒரே தட்டில் ஒரே அளவு சாப்பிட்டால், அவருக்கு எடை நிற்கலாம், உங்களுக்கு ஏறலாம்.

பசியும் உடனே அடங்கிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பத்து வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்து மீண்டும் பரிசோதித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின், நிறைவு உணர்வைத் தரும் லெப்டின் போன்ற ஹார்மோன்களின் அளவு அப்போதும் டயட்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. இரவு சாப்பிட்டு முடித்த பிறகும் சமையலறை அலமாரியைத் திறக்கத் தோன்றுவதை மனவுறுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்பவர்கள் தேவையில்லாமல் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறாண்டுகள் கழித்துப் பரிசோதித்து, அவர்களுடைய வளர்சிதை மாற்றம் (ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரி) எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்ததாகக் கெவின் ஹால் குழுவினர் 2016-இல் தெரிவித்ததும் பலருடைய காதுக்கு எட்டியிருக்கும். அது சில மாதங்களில் பல பத்துக் கிலோக்களை இழந்தவர்களின் கதை. மெதுவாக 8 அல்லது 10 கிலோ குறைத்தவர் அந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

படி 1: டயட்டின் கடைசி நான்கு வாரத்தைப் பதிவு செய்யுங்கள்

இலக்கை எட்டியவுடன் நிறுத்திவிடாமல், எட்டுவதற்கு முந்தைய நான்கு வாரத்தைக் கவனமாக எழுதி வையுங்கள். சாப்பிட்டதன் நாள் சராசரி கலோரி, வாராந்திர சராசரி எடை ஆகிய இரண்டும் இருந்தால் போதும். டயட்டைத் தொடங்கிய மாதத்துக் குறிப்புகள் இதற்குப் பயன்படாது. அப்போது குறைந்த எடையில் ஒரு பகுதி தண்ணீர், மேலும் அப்போது உங்கள் உடல் இன்னும் பெரியதாக இருந்தது. ஏற்கெனவே டயட்டை நிறுத்திவிட்டவர்கள், நினைவில் இருப்பதை வைத்து ஒரு தோராயக் கணக்கோடு தொடங்கலாம். படி 5 அதைத் திருத்திக்கொடுக்கும்.

படி 2: தக்கவைப்புக் கலோரியைக் கணக்கிடுங்கள்

பரவலாகப் பயன்படும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தை முதலில் போட்டுப் பார்ப்போம். எடையை (கிலோவில்) 10-ஆல் பெருக்கி, உயரத்தை (செ.மீ.-இல்) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, பெண்ணாக இருந்தால் 161-ஐக் கழிக்க வேண்டும். ஆணாக இருந்தால் 5-ஐக் கூட்ட வேண்டும். முழு ஓய்வில் உடல் செலவழிக்கும் கலோரி இது. நமது எடுத்துக்காட்டில் சுமார் 1,217 வருகிறது. உட்கார்ந்த வேலையும் இலேசான நடமாட்டமும் உள்ளவருக்கு 1.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,700 கலோரி. 70 கிலோவில் இதே கணக்கு 1,840-ஐத் தந்திருக்கும்.

இப்போது குறிப்பேட்டுக் கணக்கு. கடைசி நான்கு வாரத்தில் இவர் 1.2 கிலோ குறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான அளவின்படி அது 9,240 கலோரி. 28 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 330. அவர் எழுதிவந்த 1,250-உடன் இந்த 330-ஐக் கூட்டினால் 1,580 கிடைக்கிறது.

சூத்திரம் 1,700 என்கிறது, குறிப்பேடு 1,580 என்கிறது. குறிப்பேட்டைத்தான் நம்ப வேண்டும். இந்த 120 கலோரி வேறுபாட்டுக்குக் காரணம் உடல் செலவை இறுக்கிப் பிடித்திருப்பதாகவும் இருக்கலாம். தாளிப்பு எண்ணெயையும் ருசி பார்த்த கரண்டியையும் நீங்கள் எழுதாமல் விட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் பயன் ஒன்றுதான்: நீங்கள் கணக்கெழுதும் அதே பழக்கத்தில், அதே விடுபடல்களோடு எழுதினால் 1,580 என்று எழுதும் நாளில்தான் உங்கள் எடை நிற்கும். சூத்திரத்தின் 1,700-ஐ எடுத்துக்கொண்டு பழைய பழக்கத்திலேயே எழுதினால், எழுதாமல் விட்டது அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பழைய சாப்பாட்டுக்கே திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. 1,840-க்கும் 1,580-க்கும் உள்ள இடைவெளி 260 கலோரி. முப்பது நாளில் அது 7,800. அதாவது முதல் மாதத்திலேயே ஒரு கிலோ. விருந்து எதுவும் வேண்டியதில்லை, வழக்கமான சாப்பாடே போதும்.

படி 3: இரண்டு தவணையாக உயர்த்துங்கள்

வாரத்துக்கு 50 கலோரி வீதம் மெல்ல மெல்ல ஏற்றினால் வளர்சிதை மாற்றம் பழுது நீங்கிச் சீராகிவிடும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படுவதுண்டு. அப்படிச் சீராகும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. மாறாக, நீங்கள் தேவையில்லாமல் இன்னும் ஆறேழு வாரம் பசியோடு இருப்பீர்கள். ஒரே நாளில் 330 கலோரியையும் ஏற்றுவதிலும் உடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் சாப்பாட்டில் எங்கே, எதைச் சேர்ப்பது என்று பழக அவகாசம் வேண்டும் என்பதால், முதல் இரண்டு வாரம் 150, அதன்பின் மீதி 180 என்று இரண்டு தவணையாகப் பிரிப்பதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

எதைச் சேர்ப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 150 கலோரி என்பது காலையில் ஓர் இட்லியும் ஒரு வேகவைத்த முட்டையும் சேர்ந்த அளவு. இட்லியின் பருமனைப் பொறுத்து 50 முதல் 60, முட்டைக்கு 70 முதல் 75, கூடவே ஒரு கரண்டி சாம்பார். அதே 150-ஐ இட்லிப்பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயிலும் செலவழித்துவிடலாம்: ஐந்து மி.லி. சிறு கரண்டி ஒன்றில் 40 முதல் 45 கலோரி இருப்பதால், குழித்த பொடியில் மூன்றரைக் கரண்டி எண்ணெய் விட்டால் தீர்ந்தது, வயிற்றுக்கு ஒன்றும் சேர்ந்ததாகத் தெரியாது. இரண்டாம் தவணையின் 180-க்கு, மதியத்தில் 100 கிராம் சோறும் (சுமார் 130 கலோரி) ஒரு சிறு கிண்ணம் தயிரும் சேர்க்கலாம். அல்லது மாலையில் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடலாம். தினமும் ஒரே இடத்தில் சேர்ப்பது நல்லது. இன்றைக்குக் காலையில், நாளைக்கு இரவில் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒரு மாதத்தில் இரண்டு இடத்திலும் அது தங்கிவிடும்.

முதல் வாரத்து ஏற்றம் கொழுப்பு அன்று

உணவை உயர்த்திய மூன்று நான்கு நாட்களில் எடை மெஷின் 0.8 கிலோவோ 1.5 கிலோவோ கூடுதலாகக் காட்டும். பெரும்பாலானவர்கள் மனம் உடைவது இந்த நாட்களில்தான். மாவுச்சத்து குறைந்திருந்த காலத்தில் தசையிலும் கல்லீரலிலும் குறைந்துபோயிருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இப்போது நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. 300 கிராம் நிரம்பினால் மொத்தம் ஒரு கிலோவுக்கு மேல் வந்துவிடும். குடலில் இருக்கும் உணவின் எடையும் கூடியிருக்கும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் திரும்ப இலைக்கு வந்திருந்தால் உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இதோடு சேர்ந்துகொண்டால் இரண்டு கிலோ கூடக் காட்டலாம்.

கணக்கு போட்டுப் பாருங்கள்: 1.2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 9,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு வாரத்தில் கூடுதலாகச் சாப்பிட்டதோ 2,100 மட்டுமே. அதுவும் இன்னும் தேவைக்குக் கீழேதான் இருக்கிறது. எனவே உயர்த்திய அளவை இந்தக் காரணத்துக்காகக் குறைக்காதீர்கள். நான்காம் வார இறுதியில் வரும் சராசரியைத்தான் உங்கள் அடிப்படை எடையாகக் கொள்ள வேண்டும். நமது எடுத்துக்காட்டில் அது 61 கிலோவாக இருக்கக்கூடும். 60-இல் நிற்க வேண்டும் என்பதே விருப்பமானால், 59-க்கு இறங்கிய பிறகு டயட்டை நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இலக்கை எட்டாதவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

படி 4: எண்ணெய், பால், தேங்காய் ஆகியவற்றை வீட்டளவில் கட்டுக்குள் வையுங்கள்

ஒவ்வொரு பொரியலிலும் உங்கள் பங்குக்கு எத்தனை துளி எண்ணெய் வந்தது என்று வாழ்நாள் முழுவதும் அளக்க முடியாது. அதைவிட மாதச் சாமான் பட்டியலைப் பார்ப்பது எளிது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் ஏறத்தாழ 8,200 கலோரி இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் மூன்று லிட்டர் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 205 கலோரி. நான்கு லிட்டர் தீர்ந்தால் 273. அந்த ஒரு லிட்டர் வேறுபாடு உங்கள் பங்கில் மாதத்துக்கு 2,000 கலோரிக்கு மேல். ஆண்டுக்கு மூன்று கிலோவுக்குப் போதுமானது. பலகாரம் சுட்ட எண்ணெயில் மிஞ்சியதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனாலும் எண்ணெய் கேனில் திறந்த தேதியை எழுதி ஒட்டி, அது எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்ப்பது, கைப்பேசியில் தினமும் கலோரி பதிவதைவிட நீண்ட நாள் நிலைக்கும் பழக்கம்.

பாலிலும் இப்படித்தான். ஆவின் நீல நிறப் பாக்கெட் 3 விழுக்காடு கொழுப்புள்ளது. ஆரஞ்சு நிறப் பாக்கெட் 6 விழுக்காடு. 100 மி.லி.-க்கு முன்னது சுமார் 60 கலோரி, பின்னது 85-க்கு மேல். காபியும் டீயுமாக, தயிருமாக ஒரு நாளைக்கு 400 மி.லி. பால் உங்கள் பங்குக்குப் போகிறதென்றால், பாக்கெட்டின் நிறம் மட்டுமே 100 கலோரியை நிர்ணயிக்கிறது. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபியை ஒரு நாளைக்கு நான்கு முறை குடிப்பவர் சர்க்கரையாலேயே 150 கலோரியைத் தொட்டுவிடுகிறார். காபியை விடச் சொல்லவில்லை. எத்தனை டம்ளர் என்பது கணக்கில் இருக்கட்டும்.

தேங்காயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 கிராம் துருவலில் 350 கலோரி. சட்னியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சாப்பிடுங்கள். பாத்திரத்திலிருந்து நேரே ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

படி 5: எடையைப் பார்க்கும் முறையும் மூன்று மண்டலங்களும்

எடையைத் தக்கவைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டை ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகியோர் 1994-இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டுக்கு மேல் அதைத் தக்கவைத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்களின் பதிவு என்பதால், இவர்கள் செய்வதெல்லாம்தான் வெற்றிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அதே ரீனா விங் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வலுவானது. எடை குறைத்து முடித்த 314 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, இரண்டு குழுவினருக்கு அடிக்கடி எடை பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மண்டலங்களைக் கொண்டு தாங்களே திருத்திக்கொள்ளக் கற்றுத்தரப்பட்டது. மூன்றாம் குழுவுக்குச் செய்திமடல் மட்டும் கிடைத்தது. 18 மாத முடிவில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ மீண்டும் ஏறியவர்கள், செய்திமடல் குழுவில் 72 விழுக்காடு, இணையம் வழியே பயிற்சி பெற்றவர்களில் 55, நேரில் பயிற்சி பெற்றவர்களில் 46. நேரில் பயிற்சி பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏறியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதை வீட்டுக்கு ஏற்றவாறு இப்படி அமைத்துக்கொள்ளலாம். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, காபிக்கு முன், அதே இலேசான உடையில், தரையில் அதே இடத்தில் வைத்த மெஷினில் எடை பாருங்கள். தினமும் பார்த்து ஏழு நாள் சராசரியை எடுப்பது சிறந்தது. தினமும் பார்த்தால் மனம் அலைக்கழிகிறது என்றால் வாரத்தில் இரண்டு நாள் போதும். அடிப்படை எடையிலிருந்து 1.4 கிலோ வரை மேலே இருந்தால் பச்சை. அதற்கு மேல் 2.3 கிலோ வரை மஞ்சள். 2.3-ஐத் தாண்டினால் சிவப்பு. 61 கிலோ அடிப்படையாக உள்ளவருக்கு 62.4 வரை பச்சை, 63.3-க்கு மேல் சிவப்பு.

மஞ்சளில் இரண்டு வாரச் சராசரி தொடர்ந்து நின்றால்தான் நடவடிக்கை. ஒரு கல்யாண வாரத்து ஏற்றத்துக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். நடவடிக்கை என்பது ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதுவது, எழுதியதில் புதிதாக நுழைந்தது எது என்று கண்டுபிடிப்பது, அதை எடுத்துவிடுவது. பெரும்பாலும் அது மாலை நேரத்தில்தான் இருக்கும். சிவப்பில் மட்டும் மறுபடி டயட் அளவுக்குப் போக வேண்டும். மஞ்சளில் செயல்படுவது ஏன் மலிவு என்பதைக் கணக்கே சொல்கிறது: ஒரு கிலோவைக் குறைக்க நாளுக்கு 330 கலோரி குறைத்தால் 23 நாள், இரண்டரைக் கிலோவானால் 58 நாள். இரண்டு மாத டயட்டுக்குத் திரும்ப மனம் ஒப்பாதவர்கள்தான் அந்த இடத்திலிருந்து ஐந்து கிலோவுக்குப் போகிறார்கள்.

மாதத்துக்கு ஒரு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. துணியும் ஓர் அளவுகோல்தான், ஆனால் எல்லாத் துணியும் அன்று. சுடிதாருக்குப் போடும் லெக்கின்ஸ் ஐந்து கிலோ வரை வாய் திறக்காது. தைத்த பிளவுஸ் ஒன்றரைக் கிலோவிலேயே கொக்கியில் சொல்லிவிடும். எடை குறைந்த பிறகு பிளவுஸைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கும்போது, உள்ளே விட்டிருக்கும் அதிகத் துணியை வெட்டிவிடச் சொல்லுங்கள். ஒரு தையலைப் பிரித்தால் சரியாகிவிடும் என்ற வசதி இருக்கும்வரை எவரும் எண்ணெய் கேனைப் பார்ப்பதில்லை.

படி 6: பசியைக் கையாளும் சாப்பாடு

டயட்டில் இழந்த எடையில் கால் பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். அதை மீட்கவும், வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கவும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்ற அளவை வைத்துக்கொள்ளலாம். 60 கிலோவுக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நம் வீட்டுச் சாப்பாட்டில் இதற்குத் தடையாக இருப்பது காலையும் இரவும் வரும் டிபன். மூன்று இட்லியில் ஆறு கிராம் அளவுதான் புரதம்; தேங்காய்ச் சட்னி அதில் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை. பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பார், ஒரு முட்டை, அல்லது இட்லிக்குப் பதில் பச்சைப்பயறு தோசை, பருப்பு கூடுதலாகப் போட்ட அடை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், 11 மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடும் வேகம் குறையும். மதியத்தில் முதலில் காயும் கூட்டும், பிறகு மீன் அல்லது பருப்பு, கடைசியில் சோறு என்று சாப்பிடும் வரிசையை மாற்றினாலே இரண்டாம் முறை சோறு கேட்பது பலருக்கு நின்றுவிடுகிறது. இரவு உணவைத் தவிர்த்து ஈடுகட்டும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை; அது இரவு பத்து மணிக்கு மிக்சராகத் திரும்பி வருகிறது.

பசி இப்படியே இருக்குமா என்ற கேள்வி வரும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 1944–45-இல் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து நடத்திய சோதனையில், சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்குப் பல வாரம் வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை. அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தவர்கள். உங்கள் நிலைமை அவ்வளவு மோசமானதன்று. முதல் சில மாதங்களில் கூடுதலாக இருக்கும் பசிக்கு இடம் கொடுத்துத் திட்டமிடுங்கள்: மாலை நான்கரை மணிக்கு ஒரு நிச்சயமான சிற்றுண்டி, அது என்னவென்று காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

படி 7: நடையும் தசைப் பயிற்சியும்

எடை குறைப்பதில் உடற்பயிற்சியின் பங்கு சிறியது, தக்கவைப்பதில் பெரியது. பொது உடல்நலத்துக்கு வாரம் 150 நிமிடம் என்பது வழக்கமான பரிந்துரை. எடை குறைத்த பிறகு அதைத் தக்கவைக்க வாரம் 250 நிமிடத்துக்கு மேல் தேவைப்படும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு 2009-இல் தெரிவித்தது. முன்னே சொன்ன பதிவேட்டில் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

நடையைச் சாப்பாட்டுக்கு அனுமதிச்சீட்டாகக் கருத வேண்டாம். 60 கிலோ உள்ளவர் நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஓய்வுக்கு மேல் கூடுதலாகச் செலவாவது 120 முதல் 150 கலோரி. திரும்பி வரும் வழியில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். தினமும் அதே நேரத்தில் நடந்து, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்களுக்கே பலன் கிடைக்கிறது.

வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி அவசியம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்து உந்துவது, இரு கைகளிலும் தண்ணீர் பாட்டில் ஏந்தி மாடிப்படி ஏறுவது ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு நடையைவிட இதுதான் முதலில் தேவை என்பேன்.

படி 8: பண்டிகையும் பந்தியும் ஊர்ப்பயணமும்

கல்யாணப் பந்தியில் ஒரு வேளை 1,200 கலோரி சாப்பிடுவதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. தீபாவளி நாளிலும் அப்படித்தான். சிக்கல், தீபாவளி முடிந்தும் இருபது நாள் அலமாரியில் இருக்கும் முறுக்கு டப்பாவில் இருக்கிறது. போகிற போக்கில் எடுக்கும் இரண்டு முறுக்கு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பண்டிகைக்கு மூன்றாம் நாளே பங்கிட்டு அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு தட்டில் எடுத்து வைத்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று வீட்டிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் இலையை மறைத்தால் உபசரிப்பவர் வருத்தப்படுவார் என்பது தெரிந்ததே. ‘போதும்’ என்று சொன்னால் இன்னொரு கரண்டி விழும். இலையில் எதையாவது கொஞ்சம் மிச்சமாக வைத்திருப்பவருக்கு அது விழுவதில்லை. பாயசமா சாதமா என்றால் உங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டு மற்றதைச் சுருக்குங்கள். விருந்துக்கு முன்னும் பின்னும் பட்டினி வேண்டாம். மறுநாள் காலையிலிருந்து வழக்கமான சாப்பாடு, மறுவாரச் சராசரியில்தான் தீர்ப்பு.

படி 9: கணக்கெழுதுவதை எப்போது நிறுத்துவது

எட்டு வாரம் எடை பச்சை மண்டலத்திலேயே நின்றால், நாளாந்தக் கலோரிப் பதிவை நிறுத்திவிடலாம். எடைப் பதிவை நிறுத்தக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் மட்டும் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். கரண்டியின் அளவும் டம்ளரின் அளவும் நம்மை அறியாமல் பெருகிவிடுகின்றன. வேலை மாற்றம், வீடு மாற்றம், முழங்கால் வலி, பிள்ளையின் பொதுத்தேர்வு ஆண்டு என்று அன்றாடம் குலையும் காலத்தில் ஒரு மாதம் மீண்டும் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளைத் தாண்டித் தக்கவைத்தவர்களுக்கு மீண்டும் ஏறும் அபாயம் வெகுவாகக் குறைகிறது என்பதை அந்தப் பதிவேட்டின் தரவுகள் காட்டியிருக்கின்றன.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

டயட்டின்போது சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ ரத்த அழுத்த மாத்திரையோ குறைக்கப்பட்டிருந்தால், சாப்பாட்டை உயர்த்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவுச்சத்து கூடும் வாரங்களில் வீட்டில் சர்க்கரை அளவைக் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கும், மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும் தேவைப்படும். சாப்பாடு மாறாமல் எடை தொடர்ந்து ஏறினால் தைராய்டையும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளையும் கவனிக்க வேண்டும். மாறாக, தக்கவைப்பு அளவு சாப்பிட்டும் எடை நிற்காமல் இறங்கிக்கொண்டே போனாலும் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்குகள் பொருந்தா. சாப்பிட்டதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடப்பது, ஒளிந்து அள்ளிச் சாப்பிடுவது, வாந்தி எடுப்பது போன்றவை தலைகாட்டினால் எடை மெஷினை எடுத்து வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் எடை தாங்காவிட்டால்

எட்டு வாரம் சரியாகச் செய்தும், தினமும் பசியோடும் எரிச்சலோடும் சாப்பாட்டு நினைப்போடும்தான் 60-இல் நிற்க முடிகிறது என்றால், 60 என்ற எண்ணை மறுபரிசீலனை செய்யுங்கள். நாளுக்கு 80 முதல் 100 கலோரி கூட்டி, இரண்டு மூன்று மாதம் கழித்து எடை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 62-இலோ 63-இலோ நிற்கக்கூடும். 158 செ.மீ. உயரத்துக்கு அதுவும் உடல் நிறை குறியீட்டில் 25-ஐ ஒட்டிய இடம்தான். 70 கிலோவோடு ஒப்பிட்டால் ரத்தச் சர்க்கரைக்கும் மூட்டுக்கும் கிடைத்த நன்மையின் பெரும்பகுதி கையிலேயே இருக்கும். இடுப்பளவும் ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக இருக்கும்வரை, அந்த எடையைப் புதிய அடிப்படையாக வைத்துக்கொண்டு மூன்று மண்டலங்களையும் அங்கிருந்து மறுபடி குறித்துக்கொள்ளலாம்.